திரையில் தெரியும் வோல்ட் எந்த பேட்டரியுடையது?

கேள்வி இதுதான். டெக்சஸில் வசிக்கும் நண்பர் ஒருவர் இருபது அடி நீளமுள்ள பழைய பாஸ் மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், 36 வோல்ட் ட்ரோலிங் மோட்டார்; மீன் பிடிக்கையில் படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டார் அது. அதற்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் மூன்று. மீன் காட்டும் சோனார் திரையின் மூலையில் காலையிலிருந்து 12.9 என்ற எண் தெரிந்துகொண்டிருந்ததாம். அதை நம்பி ஏரியில் சுற்றியவருக்கு மதியம் மூன்று மணிக்கு மோட்டார் சட்டென்று நின்றுவிட்டது. அப்போதும் திரையில் 12.9. "பேட்டரி கெட்டுவிட்டதா, திரை கெட்டுவிட்டதா? ட்ரோலிங் மோட்டார் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று திரையிலேயே பார்க்க வழி உண்டா?" என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இரண்டுமே கெடவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு பேட்டரியை. சோனார் திரை எந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்குகிறதோ, அதன் மின்னழுத்தத்தைத்தான் தானாகக் காட்டும். பாஸ் படகுகளில் திரைக்கு மின்சாரம் தருவது பெரும்பாலும் வெளிப்புற எஞ்சினைக் கிளப்பும் 12 வோல்ட் பேட்டரி. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது சார்ஜ் ஆகிவிடுகிறது. ஆகவே அந்த எண் நாள் முழுவதும் நன்றாகவே இருக்கும். பின்பக்கப் பெட்டிக்குள் மூன்று லித்தியம் பேட்டரிகள் காலியாகிக்கொண்டிருந்ததைத் திரை அறிய எந்தக் கம்பியும் இல்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம் லேக் ஃபோர்க்கில் நானும் இப்படியே நின்றேன். டல்லஸுக்குக் கிழக்கே உள்ள அந்த நீர்த்தேக்கத்தில் 1980-இல் நீர் தேக்கத் தொடங்கியபோது, மீன்களுக்கு ஒதுங்கிடமாக மரங்களைப் பெருமளவு வெட்டாமலே விட்டுவிட்டார்கள். டெக்சஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ் மீன், 18.18 பவுண்டு எடையுள்ளது, 1992-இல் பிடிபட்டது அங்கேதான். அந்தப் பட்டுப்போன மரங்களுக்கு நடுவில்தான் மீன் இருக்கிறது. அங்கே வெளிப்புற எஞ்சினைப் போட முடியாது, நீருக்குள் மறைந்திருக்கும் அடிமரத்தில் மோதினால் எஞ்சினின் கீழ்ப்பகுதி உடைந்துவிடும். தெற்கிலிருந்து காற்று. மோட்டார் நின்றது. ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் கையால் தள்ளித் தள்ளிப் படகுப் பாதைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. எஞ்சின்தான் இருக்கிறதே, ட்ரோலிங் மோட்டார் நின்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த மோட்டார் வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் வேறு எதுவும் வேலை செய்யாது.

சரி, அந்த லித்தியம் பேட்டரிகளின் மின்னழுத்தத்தையே திரைக்குக் கொண்டுவந்தால் போதாதா என்ற கேள்வி அடுத்து வரும். ஈய-அமில பேட்டரி என்றால் ஓரளவு போதும். மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓய்வில் விட்டுப் பார்த்தால், 12 வோல்ட் ஈய பேட்டரி முழுதாக இருக்கையில் ஏறத்தாழ 12.7, பாதியில் 12.2, காலியாகும் நிலையில் 11.9 காட்டும். எண் படிப்படியாக இறங்குவதால் கண்ணால் தொடர முடியும்.

லித்தியம் அப்படியில்லை. படகுகளில் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஓர் அறைக்கு (செல்) 3.2 வோல்ட் வீதம் நான்கு அறைகள் சேர்ந்து 12.8. இதன் சிறப்பே கடைசிவரை மின்னழுத்தம் தளராமல் தருவதுதான். மோட்டாரின் இழுவிசை மாலையிலும் காலையைப் போலவே இருக்கும். ஆனால் அந்தச் சிறப்புதான் அளவு பார்ப்பவனுக்குத் தொல்லை. ஓய்வில் இருக்கும் பேட்டரி பாதி அளவில் 13.1-ஐ ஒட்டி இருக்கும், ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்போது 12.9-ஐ ஒட்டி இருக்கும். பேட்டரியின் 30 சதவீதம் இந்த 0.2 வோல்ட் இடைவெளிக்குள் கழிந்துவிடுகிறது. மூன்று பேட்டரிகளைத் தொடராக இணைத்தாலும் வித்தியாசம் 0.6 வோல்ட்தான்.

இதோடு கம்பியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்துப் பாருங்கள். 6 கேஜ் தடிமனுள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 0.4 ஓம். பின்பக்கத்திலிருந்து அணியம்வரை இருபது அடி, போக வர நாற்பது அடி என்றால் 0.016 ஓம். மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும்போது கம்பியிலேயே 0.8 வோல்ட் போய்விடும். அதாவது மோட்டார் அருகே நீங்கள் அளக்கும் எண்ணில், பேட்டரி பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றுக்கு இறங்கியதால் ஏற்படும் மாற்றத்தைவிட, மோட்டாரை இயக்கும் கால்மிதியை நீங்கள் அழுத்தியதால் ஏற்படும் மாற்றம் பெரியது. மோட்டாரின் தலையில் இருக்கும் பேட்டரி விளக்குகளும் இதனால்தான் ஓடும்போது நம்பத்தக்கவை அல்ல. ட்ரோலிங் மோட்டார் தயாரிக்கும் மின் கோட்டா (Minn Kota) நிறுவனமே தன் கையேட்டில், மோட்டார் ஓடாதபோது மட்டுமே அந்த அளவி சரியாக இருக்கும் என்று சொல்கிறது. லித்தியத்தில் நின்றிருக்கும்போதும் அவை அதிகம் சொல்லாது. முடிவு நெருங்கும்போது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, ஏதேனும் ஓர் அறை 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் மொத்தத்தையும் துண்டித்துவிடும். ஈய பேட்டரியைப் போல மோட்டார் முனகி, மெதுவாகி, எச்சரித்து நிற்பதில்லை. உங்களுக்கு மூன்று மணிக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே மின்னழுத்தத்தை விடுங்கள். உள்ளே போன மின்சாரம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ண வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்க்க முடியாவிட்டால், குழாயில் மீட்டர் வைத்து எண்ணுவோம் அல்லவா? அதே வேலைதான். பேட்டரிக்கு அந்த மீட்டரின் பெயர் ஷண்ட். எதிர்முனைக் கம்பியில் இடையே பொருத்தும் சிறிய உலோகக் கட்டை அது. மின்தடை அளந்து செய்யப்பட்டது. 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்று குறித்திருந்தால், 52 ஆம்பியர் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கிடையே 5.2 மில்லிவோல்ட் தெரியும். அந்த மிகச் சிறிய மின்னழுத்தத்தை ஒரு மின்னணுச் சுற்று விடாமல் படித்து, ஆம்பியரை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். நான் பயன்படுத்துவது டச்சு நிறுவனமான விக்ட்ரானின் ஸ்மார்ட்ஷண்ட். 6.5 முதல் 70 வோல்ட் வரை தாங்குவதால் 12, 24, 36 மூன்றுக்கும் ஒரே கருவி போதும்.

எண்ணிக்கை கையில் வந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. 112 பவுண்டு இழுவிசையுள்ள 36 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 52 ஆம்பியர் இழுக்கும். உங்களிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி. மூன்று பேட்டரி இருப்பதால் 300 என்று பலர் நினைக்கிறார்கள். தொடராக இணைக்கும்போது மின்னழுத்தம்தான் கூடும், ஆம்பியர்-மணி கூடாது. ஆக, முழு வேகத்தில் இரண்டு மணி நேரம்கூட வராது. குறைந்த வேகத்தில் மின்சாரச் செலவு வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாகக் குறைகிறது. அதனால்தான் ஒரு நாள் முழுவதும் தாக்குப் பிடிக்கிறது. ஆனால் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் ஜிபிஎஸ் நங்கூர வசதியைப் போட்டுவிட்டுக் காற்றில் நின்றால் கதை வேறு. நின்ற இடத்தில் நிற்பதற்கே மோட்டார் இடைவிடாமல் போராடும். நீங்கள் நகராததால் செலவும் இல்லை என்று மனம் நினைத்துக்கொள்ளும். லேக் ஃபோர்க்கில் என் பேட்டரியைத் தின்றது அதுதான். திரையில் ஆம்பியர் எண் தெரிந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கிளம்பியிருப்பேன்.

இப்போது பொருத்துவது பற்றி. தொடரில் கடைக்கோடி எதிர்முனையில் ஷண்டின் ஒரு பக்கம். அதன் மறுபக்கத்தில் மோட்டாரின் எதிர்க்கம்பி. ஷண்டின் பேட்டரிப் பக்கத்தில் பேட்டரியின் கம்பி தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. நேர்முனைக்குப் போகும் ஃபியூஸ் வைத்த மெல்லிய சிவப்புக் கம்பியை 36 வோல்ட் முனையில் கட்டுங்கள். மோட்டாரின் நேர்க்கம்பியில் 60 ஆம்பியர் பிரேக்கர் ஏற்கெனவே இருக்க வேண்டும். பழைய படகு என்பதால் இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். ஷண்ட் பிறகு.

பெரும்பாலானோர் தவறுவது சார்ஜரில். பாஸ் படகுகளில் இருப்பது பல கிளை கொண்ட சார்ஜர்; ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரிக்கும் தனித்தனியாக ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் வரும். என் படகில் வேலை செய்தவர் ஷண்டைச் சரியாகப் பொருத்திவிட்டு, சார்ஜரின் கறுப்புக் கம்பியைப் பழையபடி நேரே பேட்டரி முனையிலேயே விட்டுவிட்டார். விளைவு, வெளியே போவதை மட்டும் ஷண்ட் எண்ணியது. உள்ளே வந்ததைப் பார்க்கவே இல்லை. இரவு முழுவதும் சார்ஜ் செய்த படகு காலையில் 41 சதவீதம் காட்டியது. பேட்டரி பழுதென்று எண்ணி ஒரு வாரம் அலைந்தேன். கடைக்கோடி பேட்டரிக்கு வரும் சார்ஜர் கிளையின் கறுப்புக் கம்பியை ஷண்டின் மோட்டார் பக்கத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. மற்ற இரண்டு கிளைகளின் மின்சாரம் எப்படியும் ஷண்ட் வழியே வராது, அது பரவாயில்லை. தொடரில் மூன்றுக்கும் ஒரே அளவுதான் செலவாகிறது என்பதால் ஒன்றின் கணக்கை மூன்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒரே வயது, ஒரே கொள்ளளவு, மூன்றும் முழுதாக சார்ஜ் ஆகின்றன என்றால் மட்டுமே இது செல்லும். பருவத்துக்கு ஒரு முறையாவது மூன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

கருவியின் அமைப்புகளை மாற்றாமல் விட்டால் அது ஈய பேட்டரி என்றே நினைத்துக் கணக்குப் போடும். கொள்ளளவை 100 என்றும், பியூக்கர்ட் எண்ணை 1.05 என்றும் மாற்றுங்கள். இந்தப் பெயருக்குரிய ஜெர்மானியர் வில்ஹெல்ம் பியூக்கர்ட் 1897-இல் கண்டது, வேகமாக உறிஞ்சினால் ஈய பேட்டரி தன் முழு அளவைத் தராது என்பது. ஈயத்துக்கு இந்த எண் 1.25 அளவில் இருக்கும். இருபது மணி நேரக் கணக்கில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய ஈய பேட்டரியை 50 ஆம்பியரில் இழுத்தால் 56-தான் கிடைக்கும் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. லித்தியத்தில் இந்த இழப்பு மிகக் குறைவு. அடுத்தது, "முழுதாகிவிட்டது" என்று கருவி முடிவு செய்யும் மின்னழுத்தம். உங்கள் சார்ஜர் ஒவ்வொரு பேட்டரியையும் 14.4 வரை ஏற்றினால் மொத்தம் 43.2, அதற்குக் கொஞ்சம் கீழே 42-ஐ ஒட்டி வைக்கலாம். இதை மிகக் குறைவாக வைத்தால் பேட்டரி நிறைவதற்கு முன்பே 100 என்று காட்டிவிடும், பிறகு நாள் முழுவதும் அந்தப் பொய்யிலிருந்தே கழித்துக்கொண்டிருக்கும். எண்ணும் கருவி எதுவாயினும் நாளடைவில் சிறுபிழைகள் சேரும். ஒவ்வொரு முழு சார்ஜிலும் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. எனவே பாதி சார்ஜிலேயே பத்து முறை ஏரிக்குப் போய் வந்தால் எண்ணை நம்பாதீர்கள்.

இதுவரை செய்ததற்குக் கைப்பேசிச் செயலியில் எல்லாம் தெரியும். ப்ளூடூத் உள்ள லித்தியம் பேட்டரிகள் ஷண்ட் இல்லாமலே இதைத் தருகின்றனவே என்று கேட்பீர்கள். தருகின்றன, ஆனால் அவற்றுள் பலவற்றின் உள்சுற்று சிறிய மின்னோட்டத்தைக் கவனிப்பதில்லை, அதனால் கணக்கு நகர்ந்துவிடும். அதோடு ஈரக் கையோடு, வெயிலில் கண் கூச, மூன்று பேட்டரிக்கும் மாறி மாறிக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மீன் பிடிப்பவன் நாள் முழுவதும் பார்ப்பது அணியத்தில் இருக்கும் திரையைத்தான். எண் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்கு வழி என்எம்இஏ 2000. கடல்சார் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது வலை அது. உங்கள் படகில் எஞ்சின் தகவலோ ஜிபிஎஸ் ஆன்டெனாவோ திரைக்கு வருகிறது என்றால் அந்த வலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஷண்டை அதோடு சேர்க்கும் இடைக்கம்பி தனியாகக் கிடைக்கிறது. வலையில் T வடிவ இணைப்பு ஒன்றைக் கூடுதலாகச் செருகி அதில் மாட்டிவிட வேண்டியதுதான். வாங்கும்போது, பேட்டரித் தொகுதியின் மின்சாரமும் வலையின் மின்சாரமும் ஒன்றோடொன்று கலக்காதபடி காப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தத் திரையும் எல்லாவற்றையும் படிக்காது. லோரன்ஸ், கார்மின், ஹம்மின்பேர்ட் எந்த நிறுவனத்தின் திரையானாலும், அது வலையிலிருந்து ஏற்கும் செய்திகளின் எண்களைக் கையேட்டில் பாருங்கள். அதில் இரண்டைத் தேடுங்கள். 127508 என்பது பேட்டரியின் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை. 127506 என்பது மிச்சமிருக்கும் சதவீதமும் நேரமும். முதலாவது மட்டும் இருந்தால் ஆம்பியர் தெரியும், சதவீதம் தெரியாது. இரண்டாவதும் இருந்தால்தான் நீங்கள் கேட்டது கிடைக்கும். பணம் செலவழிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்; பார்க்காமல் இடைக்கம்பி வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அண்மைக்கால மோட்டார்கள் சில தங்கள் நிறுவனத்தின் திரைக்குத் தாமே பேட்டரி நிலையை அனுப்புகின்றன. அந்த வசதி இருந்தாலும், அது எண்ணிக் காட்டுகிறதா, வெறும் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சொல்கிறதா என்று விசாரியுங்கள்.

வலையில் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எஞ்சின் பேட்டரி பெரும்பாலும் 0 என்று வரும். ஷண்டும் தன்னை 0 என்று அறிவித்தால் திரையில் இரண்டும் மாறி மாறித் துள்ளும். ஷண்டின் எண்ணை 1 என்று மாற்றிவிட்டு, திரையில் அந்த பேட்டரியைத் தேர்ந்து "ட்ரோலிங்" என்று பெயர் வையுங்கள். பிறகு வரைபடப் பக்கத்திலும் சோனார் பக்கத்திலும் மேலே தெரியும் தகவல் கட்டங்களில் சதவீதத்தையும் ஆம்பியரையும் சேருங்கள். மிச்ச நேரம் என்ற கட்டத்தை நான் வைப்பதில்லை. இந்த நிமிடச் செலவை வைத்து அது கணக்குப் போடுகிறது. கால்மிதியை விட்டால் இருபது மணி நேரம், மிதித்தால் ஒன்றரை மணி நேரம் என்று தாவும். சதவீதத்துக்கு எச்சரிக்கை ஒலி வையுங்கள். நான் 35-இல் வைத்திருக்கிறேன். காற்றுக்கு எதிராகத் திரும்பி வர எனக்கு அவ்வளவு தேவைப்படுகிறது; உங்கள் ஏரிக்கு நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். ஈய பேட்டரி வைத்திருப்பவர் 50-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது அதன் ஆயுளுக்கு நல்லது.

திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் வலையின் இரு முனையிலும் முடிப்பான், அதாவது முனையை மூடும் மின்தடைச் செருகி, இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் 120 ஓம். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரு தகவல் கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முடிப்பான் இல்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வலைக்கும் திரைக்கும் மின்சாரத்தை எஞ்சின் பேட்டரியிலிருந்தே எடுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று மூன்று லித்தியம் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து 12 வோல்ட் இழுக்காதீர்கள். அந்த ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட முன்பே காலியாகும். அது துண்டித்தால் தொடர் முழுவதும் துண்டிக்கும். ஷண்ட் 30 சதவீதம் மிச்சம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றுவிடும். எஞ்சின் பேட்டரியிலிருந்து எடுத்தால், ட்ரோலிங் மோட்டாரின் மின் இரைச்சல் சோனார் படத்தில் கோடுகளாக விழுவதும் குறையும். உங்கள் படகின் முந்தைய உரிமையாளர் அப்படி ஏதேனும் இழுத்து வைத்திருக்கிறாரா என்று நாளையே பெட்டியைத் திறந்து பாருங்கள். ஷண்டுக்கு ஆர்டர் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.